ஒரு வேலைக்கு ஒரு கருவியா, எல்லாவற்றுக்கும் ஒன்றா?

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருந்தெருவும் கொடிகாமத்திலிருந்து வரும் தெருவும் கூடுமிடத்தில் அமைந்திருக்கின்றது நெல்லியடி. கரவெட்டி, துன்னாலை, கரணவாய், உடுப்பிட்டி முதலாய சுற்றுப்புறக் கிராமத்தவர் கொள்ளவும் விற்கவும் நாடிவரும் சந்தை அது. இத்தகைய ஊரின் இரும்புக்கடை வாயிலிலே சிறிது நேரம் நின்று பார்ப்பவர்க்கு ஓர் உண்மை புலனாகும். மண்வெட்டி, அலவாங்கு, கோடரி, கத்தி, சுத்தியல், குறடு, அரம் என ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வோர் இரும்பு அங்கே காத்திருக்கும். ஒன்றன் இடத்தை மற்றொன்று கேட்பதில்லை.

இனி, கனடாவிலிருந்தோ சுவிற்சர்லாந்திலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினர் தமது பெட்டியைத் திறக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். இனிப்புக்கும் வாசனைத் திரவியத்துக்கும் இடையிலிருந்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பளபளப்பான பொருள் வெளிவருகின்றது. விரித்தால் கத்தி, மறுபுறம் விரித்தால் திருகாணி முடுக்கி, இன்னும் விரித்தால் வாள், கத்தரிக்கோல், அரம், தகரம் திறக்கும் கருவி. வீட்டுப் பிள்ளைகள் வியந்து நிற்கின்றனர். "இது ஒன்றே போதும், இனி அந்தத் துருப்பிடித்த பெட்டி எதற்கு?" என்ற பேச்சும் எழுகின்றது.

இந்தப் பேச்சு சரியா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள். சிறு பொருளைப் பற்றிய வினாவாகத் தோன்றினும், இதிலே குடும்பத்தின் பணமும், விரல்களின் நலமும், பிள்ளைகளின் கைத்திறனும் அடங்கியிருக்கின்றன.

முன்னோர் மடியிலும் இருந்தது

பல கருவிகளை ஒன்றாக்கும் எண்ணம் மேனாட்டார் நமக்குத் தந்த புதுமை என்று எண்ண வேண்டியதில்லை. முள்வாங்கியை அறியாத தமிழ் முதியவர் முற்காலத்தில் அரியர். முள்ளைக் குத்திக் கிளப்ப ஓர் ஊசி, பிடித்து இழுக்க ஒரு சிறு சாவணம், காதுக் குறும்பியை எடுக்க ஒரு கரண்டி ஆகிய மூன்றும் ஒரே வளையத்திற் கோக்கப்பட்டு மடியிலே செருகப்பட்டிருக்கும். வெறுங்காலுடன் முள்வேலி நிறைந்த ஒழுங்கைகளில் நடந்த மக்களுக்கு அதனினும் பயனுள்ள துணை வேறு யாது?

ஓலைச்சுவடிக் காலத்து எழுத்தாணியும் இவ்வினத்ததே. மாணவரும் புலவரும் கையாண்ட எழுத்தாணிகளின் வகைகளை உ. வே. சாமிநாதையர் தமது "என் சரித்திர"த்தில் விளக்கியிருக்கின்றார். ஒரு முனை எழுத, மறுமுனையில் ஓலையை வாரவும் நறுக்கவும் சிறு கத்தி கொண்டது வாரெழுத்தாணி. பிடிக்குள்ளே மடங்கி அடங்குவது மடக்கெழுத்தாணி. இன்றைய மடக்குக் கருவிகளுக்கு இவற்றை மூத்த உறவினர் எனலாம்.

பிற நாடுகளிலும் அவ்வாறே. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள பிட்ஸ்வில்லியம் அரும்பொருட்சாலையில், கி. பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமர் கருவி ஒன்று இருக்கின்றது. வெள்ளியாற் செய்த உடலும், இரும்புக் கத்தியும், கரண்டியும், முள்ளும், கூர்முனைகளும் அதில் மடங்கிக் கிடக்கின்றன. பயணஞ் செய்பவனுக்குச் சுமை குறைய வேண்டும் என்பதே அன்று முதல் இன்றுவரை இக்கருவிகளின் பிறப்புக் காரணம். இதனை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னர் நமக்கு உதவும்.

படைவீரன் கத்தியும் பயணியின் குறடும்

சுவிற்சர்லாந்துக் கத்தி பிறந்த கதை சுவையானது. 1889ஆம் ஆண்டில் அந்நாட்டுப் படைக்குப் புதிய துப்பாக்கி வழங்கப்பட்டது. அதனைப் பிரித்துத் துப்புரவு செய்யத் திருகாணி முடுக்கி வேண்டியிருந்தது. தகரத்தில் அடைத்த உணவைத் திறக்கவும் ஒரு கருவி தேவைப்பட்டது. வீரன் ஒருவன் எத்தனை பொருள்களைத்தான் சுமப்பான்? எனவே அலகு, துளைக்கும் ஊசி, தகரம் திறக்கும் கருவி, திருகாணி முடுக்கி ஆகிய நான்கையும் ஒரே பிடிக்குள் அடக்க முடிவாயிற்று. முதலில் அவை ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தன. சுவிஸ் மாநிலமாகிய ஸ்வீஸில், ஈபாக் என்னும் ஊரிலே 1884இற் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்செனர் என்பார், 1891 முதல் அவற்றைத் தம் நாட்டிலேயே செய்து வழங்கினார். 1897 யூன் 12ஆம் நாள், இரண்டாவது சிறு அலகும் தக்கை திருகியும் சேர்ந்த அதிகாரிகள் கத்தியை அவர் பதிவு செய்தார். விக்ரொறினொக்ஸ் என்று இன்று உலகம் அறிந்த பெயரில் முற்பகுதி அவருடைய தாயாரின் பெயராகிய விக்டோரியா. பிற்பகுதி துருப்பிடிக்காத உருக்கைக் குறிக்கும் சொல். தாயின் பெயரைத் தாங்கிய கத்தி என்பது நம்மவர்க்குப் பிடித்தமான செய்தியே.

மற்றொன்று அமெரிக்காவில் உருவானது. ஒறிகன் மாநிலத்துப் போட்லன்ட் நகரைச் சேர்ந்த ரிம் லெதர்மன் என்பவர் 1975இல் மனைவியுடன் பழைய பியற் மோட்டார் வண்டியில் ஐரோப்பாவைச் சுற்றினார். வண்டியும் ஓயாது பழுதுபட்டது. தங்கிய விடுதிகளின் நீர்க்குழாய்களும் ஒழுகின. சட்டைப்பையிலிருந்த சிறு கத்தியால் வெட்ட முடிந்தது, பிடிக்க முடியவில்லை. அதற்குள் ஒரு குறடும் இருந்தால்! அந்த நினைவை உருவாக்கப் பல ஆண்டுகள் உழைத்தார். 1980இற் காப்புரிமை கிடைத்தது. பல நிறுவனங்கள் மறுத்த பின்னர், 1983இல் நண்பர் ஒருவருடன் தாமே தொழிலகம் தொடங்கி அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குறட்டை நடுவாக வைத்த மடக்குக் கருவிகள் பலவற்றுக்கும் அதுவே முன்மாதிரி.

இரு கதைகளிலும் ஒன்று பொதுவாக நிற்கின்றது. வீரனும் பயணியும் தம் வீட்டை விட்டு நெடுந்தொலைவில் இருந்தவர்கள். கருவிப்பெட்டி அருகில் இல்லாதவர்க்கென்றே இவை உண்டாயின. வீட்டிலே, பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்க்காக அல்ல.

நான்கு வேலைகள்

நம் வளவுக்குள்ளேயே நான்கு வேலைகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, வேலி அடைத்தல். கிடுகுவேலி அடைக்கும் வழக்கம் குறைந்து மதில்கள் பெருகிவிட்டனவாயினும் அந்தத் தொழிலின் அழகு மறக்கற்பாலதன்று. கதியால் நாட்ட அலவாங்கினாற் குழி தோண்டப்படும். கிளுவையிலும் பூவரசிலும் கதியால் வெட்டக் கத்தி வேண்டும். கிடுகைச் சார்த்தி, வரிச்சு வைத்து, வேலியின் இருபுறமும் இருவர் நிற்பர். நீண்ட குத்தூசி கயிற்றை இழுத்துக்கொண்டு இப்புறமிருந்து அப்புறம் போய்த் திரும்பிவரும். அலவாங்கு, கத்தி, குத்தூசி ஆகிய மூன்றின் இடத்தையும் சட்டைப்பைக் கருவி எடுக்க இயலாது. கட்டி முடிந்த கயிற்றின் நுனியை நறுக்குவது ஒன்றே அதற்கு எஞ்சும் பணி. அதனை அது செவ்வனே செய்யும்.

இரண்டாவது, அடுக்களை. தேங்காயை அலவாங்கில் உரித்து, கத்தியின் முதுகால் உடைத்து, திருவலையிலே துருவுகின்றாள் இல்லத்தரசி. மீனுக்கும் மரக்கறிக்கும் அரிவாள்; வெற்றிலைத் தட்டிலே பாக்குவெட்டி; மாப்பிழிய இடியப்ப உரல். ஒரு வேலைக்கு ஒரு கருவி என்னும் தத்துவத்தை நம் தாய்மார் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. ஆனால் நாள்தோறும் நடத்திக் காட்டுகின்றனர். மடக்குக் கத்தியால் ஒரு தேங்காயின் பருப்பைக் கிளப்பி எடுக்க முயன்றவர்க்குத் திருவலையின் பெருமை தெரியும். வழுக்கிய அலகு விரலைத் தேடிவரும்.

மூன்றாவது, துவிச்சக்கர வண்டி. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது மூலையிற் கிடந்த வண்டிகள் பல மீண்டும் தெருவுக்கு வந்தன. பின்சில்லைக் கழற்ற வேண்டுமாயின் அச்சின் இருபுறச் சுரைகளையும் தளர்த்த வேண்டும். சுரையின் ஆறு பக்கத்தையும் பொருந்திப் பிடிக்கும் சாவி ஒன்று இருந்தால் இது ஒரு நிமிட வேலை. குறட்டினால் திருகினால், அது சுரையின் இரண்டு பக்கத்தை மாத்திரம் கௌவி வழுக்கும். இரண்டு மூன்று முறைக்குள் மூலைகள் மழுங்கிச் சுரை உருண்டையாகிவிடும். பின்னர் சரியான சாவியும் பயன்படாது. தலையிரண்டும் பருத்து, பல அளவுத் துவாரங்கள் கொண்ட பழைய வண்டிச்சாவியை மூத்தோர் நினைவு கூர்வர். அதுவும் ஒரு பல்கருவியே. வண்டியோட்டி அதனைப் பைக்குள் வைத்திருந்தான். வண்டி திருத்துபவனோ ஒவ்வோர் அளவுக்கும் தனிச் சாவியை வைத்திருந்தான். இருவர் செய்ததும் அவரவர்க்குச் சரியே.

நான்காவது, மின்சாரம். இதிலே வசதி பற்றிய பேச்சுக்கு இடமில்லை. உயிர் பற்றிய பேச்சே. இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 உவோற்று. மடக்குக் குறடுகளின் பிடி பெரும்பாலும் முழுதும் உருக்கு. அது மின்னைத் தங்குதடையின்றிக் கைக்குக் கடத்தும். மின்வேலைக்கென்று செய்யப்பட்ட குறடும் திருகாணி முடுக்கியும் காவலிடப்பட்டவை. சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் 60900ஆம் இலக்க நியமப்படி, அவை 10,000 உவோற்றிற் சோதிக்கப்பட்டு, 1,000 உவோற்று வரை பயன்படுத்தத் தக்கவை என்று குறிக்கப்படுகின்றன. இரட்டை முக்கோணக் குறியும் 1,000 உவோற்று என்ற எழுத்தும் பிடியிலே பொறிக்கப்பட்டிருக்கும். நிறப் பிளாத்திக்கு உறை போட்ட எல்லாக் குறடும் காவலிட்ட குறடு ஆகாது என்பதையும் கருத்திற் கொள்க. எக்கருவி கையிலிருப்பினும், முதன்மை ஆளியை நிறுத்திய பின்னரே தொடுதல் வேண்டும். அதன் பின்னும் தேர்ந்த மின்தொழிலாளரை அழைப்பதே அறிவுடைமை.

காரணம் என்ன?

மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். இரண்டும் உருக்குத்தானே; பின் ஏன் இந்த வேறுபாடு?

பாடசாலையில் நெம்பு பற்றிக் கற்றிருப்பீர்கள். எத்தனம், சுமை, சுழலிடம் என்னும் மூன்று சொற்களும் உங்களுக்குப் புதியனவல்ல. திருப்பம் என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கிய பலன். 25 சென்ரிமீற்றர் நீளச் சாவியின் நுனியில் 100 நியூற்றன் விசையைப் பிரயோகித்தால் 25 நியூற்றன் மீற்றர் திருப்பம் உண்டாகும். அதே கையின் அதே விசையை 10 சென்ரிமீற்றர் கருவியிற் பிரயோகித்தால் 10 நியூற்றன் மீற்றரே. சட்டைப்பைக்குள் அடங்க வேண்டும் என்ற நிபந்தனை கருவியின் நீளத்தைக் குறைத்துவிடுகின்றது. நீளம் குறையவே திருப்பமும் குறைகின்றது. குறைந்ததை ஈடுசெய்ய நாம் மணிக்கட்டை வருத்துகின்றோம். வருத்திய கை வழுக்குகின்றது.

திருகாணி முடுக்கியையும் கவனியுங்கள். நல்ல முடுக்கியின் தண்டு பிடியின் நடுவிலிருந்து புறப்படும். பிடி உருண்டு பருத்து உள்ளங்கையை நிரப்பும். பிடியும் தண்டும் திருகாணியும் ஒரே நேர்கோட்டிற் சுழலும். மடக்குக் கத்தியிலோ முடுக்கி ஓர் ஓரத்திலிருந்து விரிகின்றது; நேர்கோடு தப்புகின்றது. ஆழமான துளைக்குள் இருக்கும் திருகாணியை அதன் குறுந்தண்டு எட்டுவதுமில்லை. விரிந்த கருவியின் மூட்டிலே பூட்டு இல்லையாயின், எதிர்த்திசையில் அழுத்தும்போது அது திடீரென மடங்கி விரலை நசுக்கக்கூடும்.

இன்னுமொரு நுட்பம் உருக்கின் தன்மையில் இருக்கின்றது. கடினமான உருக்கு கூரை நெடுநாள் தாங்கும். ஆனால் வளைத்தால் முறியும். சற்று மென்மையான உருக்கு வளைந்து கொடுக்கும். ஆனால் விரைவில் மழுங்கும். ஆகையால் வெட்டும் கருவிக்கு ஒரு தோய்ச்சல், நெம்பும் கருவிக்கு வேறொரு தோய்ச்சல். கொல்லன் இதனை உலையிற் காயும் இரும்பின் நிறத்தைக் கண்டே அறிவான். பழைய பாரவண்டியின் வில்லுத்தகட்டை வெட்டிக் காய்ச்சி அவன் கத்தி அடிக்கும்போது, கூர்ப்பக்கத்துக்கு மாத்திரம் தோய்ச்சல் கொடுத்து முதுகை மென்மையாக விடுவதும் இக்காரணத்தாலேயே. சுவிஸ் கத்தியைச் செய்வோரும் இவ்வுண்மையைத் தவிர்க்கவில்லை. ஒரே கத்திக்குள் அலகின் வன்மை ராக்வெல் அளவில் 56. முடுக்கியும் தகரம் திறக்கும் கருவியும் 52. உள்ளிருக்கும் வில் 49. பல கருவிகள் ஒன்றாகச் சேர்ந்தாலும் ஒவ்வொன்றும் தன் இயல்போடு தனியாகவே இருக்க வேண்டும் என்பதற்கு அந்தக் கத்தியே சாட்சி. அதன் அலகை நெம்பாகப் பயன்படுத்தி முறித்துவிட்டு, கத்தியைக் குறை சொல்வது நியாயமாகாது.

கைக்கருவியின் பெருமைக்கு ஒரு கப்பல்

நெல்லியடிக்கு அயலூராகிய வல்வெட்டித்துறையின் கடற்கரையிலே, ஊர்த் தச்சர்களின் கைகளால் வேப்பமரத்தில் உருவான பாய்க்கப்பல் "அன்னபூரணி". உலகைச் சிறு படகிற் சுற்றி வந்த வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதனை விரும்பி வாங்கி, தம் மனைவியின் பெயரால் "புளோரன்ஸ் சி. றொபின்சன்" என மாற்றினார். அவ்வூர் மாலுமிகள் செலுத்திவந்த அக்கப்பல், சுயஸ் கால்வாயையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938 ஆகஸ்ட் மாதத்தில் மசச்சுசெட்ஸ் மாநிலத்தின் குளோசெஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது.

மரக்கலம் கட்டும் தொழிலில் எத்தனை கருவிகள்! மரத்தைப் பிளக்கக் கோடரியும் ஆப்பும், செதுக்க வாச்சி, அறுக்க வாள், துளைக்கத் துறப்பணம், பலகைகளின் இடுக்கிலே பஞ்சைத் திணித்துக் கலப்பற்றச் சிறப்பான மழுங்கிய உளி. கூரிய உளி பஞ்சை வெட்டிவிடும். மழுங்கியதே அழுத்தி அடைக்கும். பிறரால் குறையென்று கருதப்படும் மழுக்கமே அங்கே குணமாகின்றது. அந்த ஒரு வேலைக்கென்றே அமைந்த அந்த உளி சரியாக இல்லாதிருப்பின் கடல்நீர் பலகைக்கிடையே புகுந்திருக்கும்.

தனிக் கருவியின் பக்கத்திலே இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

மடியிலிருக்கும் ஒன்றின் பெருமை

ஆயினும் வழக்கு முடிந்துவிடவில்லை. மறுபக்கத்தையும் கேட்பதே நடுவுநிலைமை.

வல்லை வெளியை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் வெறுவெளி, காற்று, வீடில்லை, கடையில்லை. அங்கே வண்டிச் சங்கிலி கழன்று சிக்கிக்கொண்டால், நெல்லியடி வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் இருபது கருவிகளும் இருந்தென்ன? மடியிற் கிடக்கும் ஒன்றே அங்கே அரசன். தோட்டத்தில் உரப்பை திறக்க, தறையில் வாழைக்குலைக்கு முட்டுக் கட்டிய கயிற்றை நறுக்க, விழுந்த மூக்குக்கண்ணாடியின் சிறு திருகாணியை இறுக்க, பிள்ளையின் காலில் ஏறிய முள்ளை எடுக்க, இவற்றிற்கெல்லாம் வீட்டுக்கு ஓடிவருவார் உண்டோ?

வான்வெளியிலும் இது நிகழ்ந்தது. 1995 நவம்பரில் அமெரிக்க விண்ணோடம் அத்திலாந்திஸ், உருசியரின் மீர் நிலையத்துக்கு ஓர் இணைப்புக் கூடத்தைக் கொண்டு சென்றது. கட்டுகள் இறுகியிருந்த கதவைத் திறக்கக் கனடிய விண்வெளி வீரர் கிறிஸ் ஹட்பீல்டுக்கு உதவியது அவரிடமிருந்த சுவிஸ் கத்தி. கோடிக்கணக்கான பணம் செலவிட்ட பயணத்தில் வாசலைத் திறந்தது ஒரு மடக்குக் கத்தி.

அதற்குச் சில நாள் முன்னர், 1995 அக்டோபர் 30ஆம் நாள், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் பெயர்ந்தனர் என்பதை இங்கு நினையாமலிருக்க முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு குடும்பம் எதனைத் தூக்கும்? குழந்தையை, முதியவரை, உணவை, ஆவணங்களை. கருவிப்பெட்டிக்கு அங்கே இடமேது? போய்ச் சேர்ந்த இடத்திலே மரத்தடியில் ஒரு தறப்பாளைக் கட்டுவதற்கு ஒரு கத்தியும், அடுப்புக்கு மூன்று கல் நாட்டுவதற்கு ஓர் இரும்புத் துண்டும் பெருஞ்செல்வமாயின. படைவீரனுக்கும் பயணிக்கும் என்று பிறந்த கருவி, ஓடவேண்டி வந்த மனிதருக்கும் உரியதே.

அக்காலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990 முதல் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய், பெற்றோல், மின்கலம் முதலியவை வருவதற்குத் தடையும் இருந்தது. அப்போது ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் ஒரு நூல்திரியும் இட்டு, சில துளி மண்ணெண்ணெயில் இரவு முழுவதும் எரியும் விளக்கைச் செய்தனர் நம் மக்கள். அதன் ஒளியிலே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடிற்று. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்ற பழமொழி அன்று ஏட்டிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தது.

எண்ணிப் பார்த்தால், அன்று வீடுகளைக் காத்தது கருவியின் எண்ணிக்கையன்று. எந்த இரும்பு எதைத் தாங்கும், எந்தத் திருகாணி எதற்கு என்பதைப் பழகி அறிந்த கைகளே காத்தன. அக்கைகள் பழகியது எங்கே? தனிக் கருவிகள் நிறைந்த பட்டறைகளிலும், சைக்கிள் கடைகளிலும், தந்தையாரின் பெட்டியருகிலுமே.

வீட்டுக்கு எது வேண்டும்?

இப்போது முடிவுக்கு வரலாம். வீட்டுக்கு வேண்டுவது பெட்டி. வெளிக்கு வேண்டுவது மடக்கு. ஒன்று மற்றொன்றின் பகையன்று. ஆயினும் பணம் ஒன்றுக்கே போதுமாயின் பெட்டியையே முதலில் நிரப்புக.

பெட்டி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நல்ல கத்தி ஒன்று, சுத்தியல் ஒன்று, காவலிட்ட குறடு ஒன்று, தட்டை முனையிலும் சிலுவை முனையிலும் பெரிதும் சிறிதுமாக நான்கு திருகாணி முடுக்கிகள், வாயகலத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க சாவி ஒன்று, கைவாள் ஒன்று, அரம் ஒன்று, சாணைக்கல் ஒன்று. வளவுள்ள வீட்டுக்கு மண்வெட்டியும் அலவாங்கும். இவற்றை ஒரே நாளில் வாங்க வேண்டுவதுமில்லை. தேவை வரும்போது ஒவ்வொன்றாக, ஆனால் தரமானதாக வாங்குதல் நலம். மலிவான முடுக்கியின் முனை ஒரு மாதத்தில் உருண்டு, அது தொட்ட திருகாணிகளையெல்லாம் கெடுத்துவிடும்.

வாங்குவதோடு கடமை முடிவதில்லை. கடற்காற்று வீசும் வடமராட்சியில் இரும்புக்குப் பகை துரு. வேலை முடிந்ததும் மண்ணைத் துடைத்து, தேங்காயெண்ணெய் தோய்ந்த துணியால் ஒருமுறை தடவினால் கருவி பேரப்பிள்ளை காலம் வரை வாழும். கூர் குறைந்த கத்தியே கையை வெட்டும். கூர் உள்ள கத்தி சொன்ன வழி போகும். ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஓர் இடம் குறித்து வைத்தால், அயல்வீட்டுக்கு இரவல் போன கருவி எது என்பதையும் வெறுமையான அந்த இடம் நாள்தோறும் நினைவூட்டும்!

மடக்குக் கருவி வாங்குவோர் மூட்டில் பூட்டு உள்ளதைத் தெரிவது நல்லது. எத்தனை கருவிகள் அதில் மடங்கியுள்ளன என்று எண்ணுவதை விடுத்து, நாம் உண்மையிற் பயன்படுத்தும் நான்கைந்து உறுதியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். முப்பது அலகு கொண்ட கத்தி பல வேளைகளில் அவ்வாறே தடித்துக் கைக்கு அடங்காது கிடக்கும். விமானப் பயணிகள் அதனைக் கைப்பையில் வைத்தலாகாது, சோதனையிலே பறிபோகும். பொதிக்குள் வைத்து அனுப்புக.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். 2013ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் உயர்தர வகுப்பிலே தொழினுட்பப் பிரிவும் இடம்பெற்றுள்ளது. கையால் அறிவதும் கல்வியே என்பதற்கு அது ஓர் அங்கீகாரம். ஆனால் அந்தக் கல்வி பதினாறு வயதில் தொடங்குவது பிந்தியது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு முடுக்கியையும் ஒரு பழைய வானொலியையும் கொடுத்து, அருகிலிருந்து பிரிக்கச் சொல்லிப் பாருங்கள்; மின்னிணைப்பும் மின்கலமும் அகற்றப்பட்டிருக்கட்டும். பெண்பிள்ளை, ஆண்பிள்ளை என்ற பேதமும் இதில் வேண்டாம். ஒரு கருவியை நன்கு பழகிய பின் அடுத்ததைக் கொடுங்கள். பத்துக் கருவிகளைத் தனித்தனியே அறிந்த பிள்ளையின் கையில், ஒரு நாள் அந்த மடக்குக் கருவியை வையுங்கள். அதனுள் எது எதற்கு, எது எவ்வளவு தாங்கும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அப்பிள்ளைக்குச் சொல்லாமலே தெரியும். தனிக் கருவி எதனையும் அறியாத கையில் அது வெறும் விளையாட்டுப் பொருளே. சில வேளைகளில் விரலைக் கேட்கும் விளையாட்டுப் பொருள்.

உறவினர் அன்போடு கொண்டுவந்த அந்தப் பளபளப்பான பரிசை வேண்டாம் என்று தள்ளற்க, சட்டைப்பையில் வைத்துக்கொள்க. ஆனால் அதனைக் காட்டி, துருப்பிடித்த பழைய பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். துருவைத் துடைத்துவிட்டால், அப்பெட்டி நம் பிள்ளைகளுக்கு இன்னும் பல பாடங்களைச் சொல்லும்.